கட்டி முடியும் வரைக்குமான கரண்ட்: திருப்பூர்க் கட்டடப் பணியிடங்களின் தற்காலிக மின்சாரம்

திருப்பூர் மாநகரிலும் அதைச் சூழ்ந்த அவிநாசி, பெருமாநல்லூர், மங்கலம், பல்லடம், ஊத்துக்குளி வட்டாரங்களிலும் ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதேனும் ஒரு பனியன் கம்பெனி தன் கட்டடத்தின் மேல் இன்னொரு தளம் எழுப்பிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் பக்கத்துக் காலியிடத்தில் ஷீட் கூரை போட்ட குடோன் ஒன்று உருவாகிக்கொண்டிருக்கும், அல்லது தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளுக்கு வாணம் தோண்டப்பட்டுக்கொண்டிருக்கும். ஏற்றுமதி ஆர்டர் கூடும்போது இடம் போதாமல் போவதும், போதாத இடத்தை வேலை நடக்கும்போதே பெருக்கிக்கொள்வதும் இந்தத் தொழில் வட்டாரத்தின் இயல்பாகிவிட்டன. இப்படி எழும் கட்டடங்களில் முடிவில் ஓடப்போகும் மின்சாரத்தைப் பற்றி, அதாவது நிட்டிங் மிஷினுக்கு எத்தனை கிலோவாட், பவர் டேபிள் வரிசைக்கு எத்தனை பாயிண்ட், கம்ப்ரசருக்குத் தனி லைனா என்பதைப் பற்றியெல்லாம், உரிமையாளரும் பொறியாளரும் பலமுறை உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டடம் எழுந்து முடிவதற்குத் தேவைப்படும் மின்சாரம், அதாவது கலவை மிஷினையும் வைப்ரேட்டரையும் கம்பி அறுக்கும் கட்டரையும் வெல்டிங் செட்டையும் ஓட்டும் தற்காலிக மின்சாரம், யாருடைய பேச்சிலும் இடம்பெறுவதில்லை. கட்டடப் பணியிடங்களில் மின்சாரம் தாக்கி நேரும் சாவுகளுக்கு வேர் பெரும்பாலும் இந்தப் பேசப்படாத மின்சாரத்தில்தான் இருக்கிறது.

முறைப்படி பார்த்தால் கட்டுமானத்துக்கென்று மின் வாரியத்திடம் தற்காலிக இணைப்பு பெற வேண்டும். அதற்கான கட்டணம் வழக்கமான தொழில் இணைப்பின் கட்டணத்தைவிட அதிகம். கம்பெனி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வளாகத்தில், கையெட்டும் தூரத்தில் ஒரு பேனல் போர்டு இருக்கும்போது, தனி இணைப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது வீண் செலவாகத் தோன்றிவிடுகிறது. ஆகவே கட்டிங் செக்‌ஷனின் ஜன்னல் வழியாகவோ படிக்கட்டு ஓரமாகவோ ஒரு ஒயர் வெளியே எடுக்கப்படுகிறது. அது பெரும்பாலும் இரண்டு கோர் ஒயர், அதாவது பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு கடத்திகள் மட்டும் கொண்டது. மூன்றாவதாக இருக்க வேண்டிய எர்த் கடத்தி அதில் இருப்பதே இல்லை. நீளம் போதாத இடத்தில் இன்னொரு ஒயர் முறுக்கிச் சேர்க்கப்பட்டு, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றப்படுகிறது. சித்திரை வெயிலில் அந்த டேப்பின் பசை இளகி நழுவுகிறது. ஐப்பசி மழையில் அதே இணைப்பு சென்ட்ரிங் பலகைகளுக்கு நடுவே தேங்கிய நீரில் கிடக்கிறது. ஒயரின் மறுமுனையில் ஒட்டுப்பலகையில் அறையப்பட்ட இரண்டு மூன்று சாக்கெட்டுகள் ‘ஜங்ஷன் பாக்ஸ்’ என்ற பெயரில் தரையிலேயே கிடக்கின்றன. மிஷினின் பிளக் உடைந்துபோயிருந்தால் ஒயர் முனைகளைப் பல்லால் சீவி, சாக்கெட் துளைக்குள் செருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சி அடைக்கப்படுகிறது. இதில் எந்த ஒன்றையும் செய்பவர் தன் உயிரைத் துச்சமாக நினைத்துச் செய்வதில்லை. பிளக் வாங்கித் தர யாரும் இல்லாத இடத்தில் அன்றைய காங்கிரீட்டை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் செய்கிறார்.

யாரும் இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. உரிமையாளர் அதைக் காண்டிராக்டரின் வேலை என்று நினைக்கிறார். காண்டிராக்டர் கரண்ட் கொடுப்பது உரிமையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கிறார். வயரிங் வேலையை ஏற்ற எலக்ட்ரீஷியனோ தளம் போடுவதற்கு முதல் நாள் பைப் பதிக்க வந்துவிட்டுப் போனால், சுவர் பூச்சுக்கு முன்பு மறுபடி வருகிறார். இடைப்பட்ட மாதங்களில் மின்சாரத்தைக் கையாள்பவர் மிஷின் ஓட்டுபவரும் மேஸ்திரியும்தான். 2025 வரை நடைமுறையில் இருந்த, கட்டட மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் அமைந்த விதிகளும், மின்னோட்டம் உள்ள பகுதியைத் தொழிலாளி தொட நேராதபடி பார்த்துக்கொள்ளும் கடமையை வேலை தருபவர்மீது சுமத்தின. ஆனால் வேலை தருபவர் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை பேர் அடங்கிவிடும்போது அந்தக் கடமை ஒவ்வொருவர் கையிலிருந்தும் நழுவிவிடுகிறது.

மின்சாரம் மனித உடலை என்ன செய்கிறது என்பதை அளவுகளோடு அறிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் “லேசா ஷாக் அடிச்சுது” என்று பணியிடங்களில் தினமும் சொல்லப்படும் வார்த்தைக்குள் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரம் மறைந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தாமாக முன்வந்தவர்களின் உடலில் மிகச் சிறிய மின்னோட்டங்களைச் செலுத்தி ஆராய்ந்தவர். பிடித்திருக்கும் பொருளைக் கை தானாக விட்டுவிட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குச் சராசரியாகச் சுமார் பத்தரை மில்லி ஆம்பியர் என்று அவர் கண்டறிந்தார். மில்லி ஆம்பியர் என்பது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த எல்லையைத் தாண்டினால் கையின் தசைகள் இறுகி, விட நினைத்தாலும் விட முடியாது. ‘கரண்ட் பிடிச்சுக்கிச்சு’ என்று மக்கள் சொல்வது இந்நிலையைத்தான். மின்னோட்டம் மேலும் கூடி மார்பு வழியே சில நொடிகள் பாய்ந்தால், இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுப் பயனற்று நடுங்கத் தொடங்கும். இரத்த ஓட்டம் நின்றுவிடும். வியர்வையில் நனைந்த கை, வெறுங்கால், ஈரமான காங்கிரீட் என்ற நிலையில் ஒருவரின் உடல் தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம் என்று கொண்டால், 230 வோல்ட் அவர் உடலில் செலுத்துவது 230 மில்லி ஆம்பியர். சித்தாளாக வேலை செய்யும் பெண்கள் கலவைத் தட்டோடு ஈரத் தளத்தின் மேல் நடக்கும் இந்தச் சூழலில் பெண்களுக்கான எல்லை ஆண்களுடையதைவிடக் குறைவு என்பது கூடுதலாக மனத்தில் கொள்ளத்தக்கது.

இந்த இடத்தில் ஒரு பரவலான நம்பிக்கையைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. போர்டில் எம்.சி.பி. இருக்கிறது, ஏதாவது ஆனால் அது விழுந்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். எம்.சி.பி. என்பது ஒயரில் தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் பாயும்போது அதைத் துண்டிக்கும் தானியங்கி ஸ்விட்ச். ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதற்காக உருவானது. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றின் பார்வையில், ஒரு மனித உடல் வழியே பாயும் கால் ஆம்பியர் ஒரு சிறிய விளக்கு எரிவதற்குச் சமம். மனிதர் இறந்த பிறகும் அது அசையாமல் நிற்கும். அது காப்பது ஒயரை, மனிதரை அல்ல.

அடுத்த நம்பிக்கை எர்த் குழி. மிஷினின் இரும்பு உடலை ஒரு கம்பி வழியே மண்ணோடு இணைத்துவிட்டால், உள்ளே ஒயர் பழுதாகி உடலில் கரண்ட் ஏறினாலும் அது மண்ணுக்குப் போய்விடும் என்பது எர்த்திங்கின் அடிப்படை. இது உண்மைதான், ஆனால் எவ்வளவு உண்மை என்பது அந்த மண்ணைப் பொறுத்தது. கொங்குப் பகுதியின் மண் இந்த விஷயத்தில் தயவுள்ளதன்று. நொய்யல் வடிநிலத்தின் பெரும்பகுதியில் சில அடி செம்மண்ணுக்குக் கீழே கடினப் பாறை வந்துவிடுகிறது, மழையும் குறைவு. கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய குழி கோடையில் காய்ந்துபோனால், அதன் தடை பல மடங்கு ஏறும். அப்படி ஏறி 10 ஓமில் நிற்கும் ஒரு குழியையும், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் 2 ஓம் தடையுள்ள ஓர் எர்த்தையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். கலவை மிஷினின் உடலில் பேஸ் ஒயர் பட்டுவிட்டால் மண் வழியே ஓடும் மின்னோட்டம் 230ஐ 12ஆல் வகுத்தது, அதாவது சுமார் 19 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு. 16 ஆம்பியர் எம்.சி.பி.கூட இந்த அளவுக்கு ஒரு மணி நேரம் வரை விழாமல் இருந்துவிடலாம். அந்த நேரம் முழுதும் மிஷினின் உடலில் நிற்கும் மின்னழுத்தம் 19ஐ 10ஆல் பெருக்கியது, ஏறத்தாழ 190 வோல்ட். எர்த் கொடுத்திருக்கிறோம் என்ற நிம்மதியோடு ஒருவர் டிரம்மின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும்போது அவர் தொடுவது அந்த 190 வோல்ட்டை. எர்த் கோரே இல்லாத இரண்டு கோர் ஒயரில் ஓடும் மிஷினாக இருந்தால், 230 வோல்ட் முழுதுமாகக் காத்திருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே ஆர்.சி.சி.பி. என்ற கருவி இருக்கிறது. பழைய பழக்கத்தில் பலர் இதை ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். பேஸ் ஒயரில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று இது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. போனதில் ஒரு சிறு பங்கு திரும்பவில்லை என்றால், அது வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனித உடல் வழியே, மண்ணுக்குக் கசிகிறது என்று பொருள். உடனே இணைப்பு துண்டிக்கப்படுகிறது. மனித உயிரைக் காப்பதற்கான ஆர்.சி.சி.பி.யின் அளவு 30 மில்லி ஆம்பியர். மேலே கணக்கிட்ட 230 மில்லி ஆம்பியர் போன்ற பெரிய கசிவு நேரும்போது ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் அது துண்டித்துவிடும். 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் என்று எழுதப்பட்டவை கடைகளில் கிடைக்கும், ஆனால் அவை தீ விபத்தைத் தடுக்கப் பயன்படுபவை. அவற்றை மாட்டிவிட்டு ஆட்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைப்பது தவறு. காய்ந்த எர்த் குழியின் குறையையும் இந்தக் கருவி பெருமளவு ஈடுகட்டுகிறது: குழியின் தடை 1000 ஓம் வரை ஏறினாலும்கூட, மிஷின் உடலில் 30 வோல்ட் எட்டும்போதே கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டுவிடும். ஐ.எஸ். 12640 என்ற இந்தியத் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ள ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு லோடு எம் சாண்டின் விலையோடு ஒப்பிட்டாலே அது ஒரு செலவாகத் தெரியாது.

அமெரிக்காவில் டால்சீலே 1961இல் இதே கொள்கையில், 5 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கும் ஒரு கருவியை வடிவமைத்தார். அந்நாட்டின் மின் விதித்தொகுப்பு 1970களிலேயே கட்டடப் பணியிடங்களில் அதைக் கட்டாயமாக்கியது. வீடுகளில் பரவலாவதற்கு முன்பே பணியிடத்தில் அது நுழைந்தது என்பது கருதத்தக்கது. நம் ஊரில் நடப்பது நேர்மாறு: உரிமையாளரின் புதிய வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கும், அந்த வீட்டைக் கட்டியவர்கள் பிடித்த ஒயரில் இருந்திருக்காது. பிரிட்டனில் வழி இன்னும் வேறு. அங்கே பணியிடக் கருவிகள் மஞ்சள் நிற டிரான்ஸ்பார்மர் ஒன்றின் வழியே 110 வோல்ட்டில் ஓடுகின்றன, அந்த டிரான்ஸ்பார்மரின் சுருளின் நடுப்புள்ளி மண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதால் எந்த ஒயரைத் தொட்டாலும் உடலுக்குக் கிடைப்பது 55 வோல்ட்தான். இந்தியச் சந்தையில் 110 வோல்ட் கருவிகள் புழக்கத்தில் இல்லாததால் அதை அப்படியே கொண்டுவருவது கடினம். பாட்டரியில் ஓடும் டிரில்லிங் மிஷின்களும், சம்ப்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவர்களுக்கு 24 வோல்ட் விளக்குகளும் அதே நோக்கத்தை ஓரளவு நிறைவேற்றும்.

ஆர்.சி.சி.பி. மாட்டிய இடங்களிலும் ஒரு சிக்கல் வருகிறது. ஈர ஒயரும் பழைய மோட்டாரும் சிறிது கசிந்துகொண்டே இருப்பதால் கருவி அடிக்கடி விழும். தளம் போடும் அவசரத்தில் இருப்பவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு “டைரக்டா குடுத்துருங்கண்ணா” என்று கேட்பார்கள். அவரும் கருவியைத் தாண்டி ஒயரை இணைத்துவிட்டுப் போவார். கருவி விழுகிறது என்றால் பெரும்பாலும் கருவி கெட்டுப்போகவில்லை, எங்கோ கசிகிறது என்பதை அது சொல்லிக்கொண்டிருக்கிறது. மொத்தப் பணியிடத்துக்கும் ஒன்றே ஒன்று மாட்டாமல், இரண்டு மூன்று சாக்கெட்டுகளுக்கு ஒன்றாகப் பிரித்து மாட்டினால், எந்த மிஷின் கசிகிறது என்பது உடனே தெரியும். மற்ற வேலையும் நிற்காது. அதன் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை ஒவ்வொரு நாள் காலையிலும் ஒருமுறை அழுத்திப் பார்க்க ஒரு நொடி போதும். விழாவிட்டால் அன்றைக்கு அந்த போர்டில் எதையும் செருகக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் பணியிடத்துக்குள் கொண்டுவரப்படும் மின்சாரம். பணியிடத்துக்கு வெளியே, தெருவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்துக்கு எந்த ஆர்.சி.சி.பி.யும் காவல் இல்லை. திருப்பூரின் தொழில் தெருக்கள் குறுகியவை. 11 கிலோவோல்ட் கம்பிகள், அதாவது 11,000 வோல்ட் சுமக்கும் உயரழுத்தக் கம்பிகள், கட்டடங்களின் முகப்பை ஒட்டியே போகின்றன. தரைத்தளம் மட்டும் இருந்தபோது எட்டாத உயரத்தில் இருந்த கம்பி, மூன்றாம் தளத்தின் பால்கனி நீளும்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. மத்திய மின்சார ஆணையம் 2010இல் வகுத்து 2023இல் புதுப்பித்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், கூரையின் உச்சியிலிருந்து மேல்நோக்கி 3.7 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும். கம்பிக்கு அருகில் கட்டடம் எழுப்பவோ மாற்றியமைக்கவோ முற்படுபவர் மின் வழங்குநருக்கும் மின் ஆய்வாளருக்கும் முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். ஆனால் 1.2 மீட்டர் என்பது கட்டி முடிந்த கட்டடத்துக்கான அளவு; கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அது போதவே போதாது. கட்டுமானக் கம்பிகள் கடையிலிருந்து 12 மீட்டர் நீளத்தில் வருகின்றன. அவற்றை மேல்தளத்துக்கு ஏற்றும்போது கீழே ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, மேலே ஒருவர் வாங்கி இழுக்க, கம்பியின் நடுப்பகுதி வளைந்து ஆடும். பார்வை முழுதும் கையிலிருக்கும் முனையில் இருப்பதால் மறுமுனை எங்கே போகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. சாரத்துக்கான இரும்புக் குழாய், அலுமினிய ஏணி, ஷீட் கூரைக்கான நீளத் தகடு ஆகிய எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு. உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. மிக அருகில் போனாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாய்ந்துவிடும்.

தமிழ்நாடு இதை அண்மைக் காலத்தில் இரண்டு முறை மிகக் கொடூரமாகக் கண்டது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் மேற்பகுதி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலைகளுக்காக இரும்பு ஏணியை நகர்த்தியபோது அது கம்பியில் பட்டு நான்கு பேர் இறந்தார்கள். இரண்டும் திருவிழாக்கள் என்பதால் நாடு முழுதும் செய்தியாயின. ஆனால் உயரமான ஒன்றைப் பலர் சேர்ந்து நகர்த்துவது, அனைவர் கையும் அதே பொருளில் இருப்பது, தலைக்கு மேல் கம்பி போவது என்ற அதே மூன்றும் ஒவ்வொரு கட்டடப் பணியிடத்திலும் வாரம் ஒருமுறையாவது ஒன்றுசேர்கின்றன.

கம்பிக்கு அருகே வேலை செய்யத் திருப்பூர் வட்டாரத்தில் ஒரு குறுக்குவழி பழக்கத்தில் இருக்கிறது. துணை மின்நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலை வரை மின் தடை என்று நாளிதழில் வரும் அறிவிப்பைப் பார்த்து, கம்பிக்குப் பக்கத்திலான வேலையை அந்த நாளுக்கு ஒதுக்குவது. அந்த மின் தடை மின் வாரியத் தொழிலாளர்களுக்காகச் செய்யப்படுவது. கட்டடம் கட்டுபவருக்கு அதில் எந்த உறுதியும் இல்லை. பராமரிப்பு முன்னதாக முடிந்தால் முன்னதாகவே கரண்ட் வரும். அந்தத் தெருவுக்கு வேறு பீடரிலிருந்து மாற்றி விடப்பட்டிருக்கவும் கூடும். இதைவிட அச்சம் தருவது ஜெனரேட்டர். 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த கடும் மின்வெட்டுக் காலத்தில் இங்கே ஜெனரேட்டர் இல்லாத கம்பெனி அரிதாயிற்று. இணைப்பை மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் சரியாக இல்லாத ஒரே ஓர் இடத்திலிருந்து மின்சாரம் பின்வழியாகத் தெருக் கம்பியில் ஏறி, டிரான்ஸ்பார்மர் வழியே உயரழுத்தமாகவும் மாறிவிடும். கம்பிக்கருகே வேலை என்றால், மின் வாரியத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, அந்தப் பகுதியை முறையாகத் துண்டித்து மண்ணோடு இணைத்த பிறகோ, கம்பியையே இடம் மாற்றிய பிறகோதான் செய்ய வேண்டும். பணியிடத்திலேயே சிறிய ஜெனரேட்டர் வைத்து வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அதன் நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்படாவிட்டால், கசியும் மின்னோட்டம் மண் வழியே திரும்புவதற்குப் பாதையே இராது, எனவே முதல் பழுதின்போது ஆர்.சி.சி.பி. அதை உணராது.

வெல்டிங் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஷீட் கூரைக் குடோன்களின் டிரஸ் வேலை முழுதும் அதில்தான் நடக்கிறது. ராடு இரும்பைத் தொடாத நேரத்தில் ஹோல்டரில் 50 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். வியர்வையில் ஊறிய உடம்போடு இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து வெறுங்கையால் ராடு மாற்றுபவருக்கு அந்த அளவே போதும். ‘எர்த்’ என்று வெல்டர்கள் அழைக்கும் திரும்பு ஒயர் உண்மையில் எர்த் அன்று, வெல்டிங் மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி. அதை வேலை நடக்கும் இடத்திலேயே கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல் தொலைவில் ஏதோ ஒரு தூண் கம்பியில் மாட்டினால், கட்டடத்தின் இரும்பு முழுவதும் அதன் பாதையாகிவிடும். கீழ்த்தளத்தில் துணி ரோல்களும் பஞ்சுத் தூசியும் இருக்க, மேலே வெல்டிங் பொறி சிதறுவது தீயைப் பற்றிய தனிக் கதை.

பணியிடத்தில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் இடம் தொழிலாளர்கள் இரவு தங்கும் தகரக் கொட்டகை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் வேலை முடியும் வரை அங்கேதான் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள். இரண்டு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் செல்போன் சார்ஜருக்குமாக ஓர் ஒயர் தகரத்தில் குத்திய ஓட்டை வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. தகரத்தின் விளிம்பு கத்திபோல் இருக்கும். ஆடிக்காற்றில் தகரம் அதிரும்போதெல்லாம் ஒயரின் மேலுறை அந்த விளிம்பில் சிறிது சிறிதாக அறுபடும். ஒரு நாள் செம்பு தகரத்தைத் தொடும். தொட்ட நொடியில் நான்கு சுவர்களும் கதவும் கூரையும், கூரையில் கட்டி இழுத்திருக்கும் துணி காயப்போடும் கட்டுக்கம்பியும் 230 வோல்ட்டில் நிற்கும். கொட்டகை செங்கல்லின் மேல் உட்கார்ந்திருப்பதால் எம்.சி.பி. விழாது. ஈரத் துணியைக் கம்பியில் போடும் ஒருவருக்கு அது தெரிய வழியே இல்லை. தடுப்பதற்கான வேலையோ மிக எளிது: ஒயரை ஒரு பி.வி.சி. குழாய்க்குள் விட்டு உள்ளே கொண்டுவருவது, கொட்டகைக்கென்று தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., தகரத்தை எர்த்தோடு இணைப்பது, துணிக்கு நைலான் கயிறு. எச்சரிக்கைப் பலகை வைப்பவர்கள் அதைத் தமிழில் மட்டும் எழுதி வைத்தால், அங்கே தூங்குபவர்களில் பெரும்பாலோருக்கு அது வெறும் கோடுகள். இந்தியிலும் ஒடியாவிலும் ஒருவர் வாயால் சொல்லிக் கொடுப்பதே பயன் தரும்.

திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மின் பாதுகாப்பு தெரியாத விஷயம் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்காகப் பேனல் முன் ரப்பர் விரிப்பு போடப்பட்டிருக்கும், ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் பெயர் ஒட்டப்பட்டிருக்கும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் ராணா பிளாசா ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு உருவான அக்கார்டு ஒப்பந்தம், கட்டட உறுதியோடும் தீப் பாதுகாப்போடும் மின் பாதுகாப்பையும் சேர்த்தே ஆய்வு செய்தது; அதன் பிறகு பையர்களின் கேள்விகள் கூடின. ஆனால் அந்தக் கேள்விகள் எல்லாம் துணி தைக்கும் கூடத்தோடு நின்றுவிடுகின்றன. அதே வளாகத்தின் மறுபக்கத்தில் எழும் தளத்தில் கிடக்கும் ஜங்ஷன் பாக்ஸை எந்த ஆடிட்டரும் படம் எடுப்பதில்லை, ஏனெனில் அங்கே நிற்பவர்கள் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இல்லை. தன் தையல் தொழிலாளிக்கு ரப்பர் விரிப்பு போடத் தெரிந்த நிறுவனம், தனக்காகத் தளம் எழுப்பும் தொழிலாளிக்கு மூன்று கோர் ஒயர் கொடுக்க முடியாது என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

அதற்குத் தேவைப்படும் ஏற்பாடு பெரியதும் அன்று. அஸ்திவாரம் தோண்டும் முன்பே, தகுதியுள்ள ஒருவர் கையால் தற்காலிக மின்சாரம் ஒரு முழு வேலையாக அமைக்கப்பட வேண்டும். அது ஒப்பந்தத்தில் தனி வரியாக, தனித் தொகையோடு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன், சூப்பர்வைசர் தகுதிச் சான்றுகளை வழங்குகிறது; வயரிங் வேலையில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கென்றே மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வும் நடக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் பெயர், பணியிடத்தின் மின்சாரத்துக்குப் பொறுப்பானவர் என்று போர்டின் மேலேயே எழுதப்பட்டால், யாருமில்லை என்ற நிலை அன்றே முடியும். போர்டு தரையில் கிடக்காமல் இடுப்பு உயரத்தில், மழை படாத பெட்டிக்குள், பூட்டோடு இருக்க வேண்டும். ஒயர் மூன்று கோராகவும், ரப்பர் உறையிட்டதாகவும், இடையில் ஒட்டு இல்லாததாகவும் இருந்து, தளத்தின் மேல் படுக்காமல் மரக்கம்பத்தில் தொங்க வேண்டும். சாக்கெட் நீர் புகாத நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டாக இருக்க வேண்டும்; அதில் ஒயர் முனையைச் சொருகித் தீக்குச்சி அடைக்க முடியாது என்பதே அதன் முதல் பயன்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவரை மின்சாரம் பிடித்துவிட்டால், அவரைத் தொட்டு இழுக்கப் போகும் இரண்டாமவரும் சேர்ந்து இறப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் ஒயரை விலக்க வேண்டும். உயரழுத்தக் கம்பி என்றால் கட்டையும் உதவாது; விலகி நின்று, மின் வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்கோ அந்தப் பகுதி அலுவலகத்துக்கோ சொல்லிக் கரண்ட்டை நிறுத்தச் செய்த பிறகே நெருங்க வேண்டும். மூச்சும் நினைவும் இல்லாதவருக்கு, 108 வரும் வரை மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டவரையும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், ஏனெனில் இதயத் துடிப்பின் கோளாறு பிறகும் வெளிப்படலாம்.

மின் விபத்தில் உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும். உயிரிழப்பு என்றால் தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் போக வேண்டும் என்று அதன் விதிகள் கூறுகின்றன. ஆய்வாளர் வந்து பார்ப்பதற்கு அந்த இடம் இருந்தபடியே இருக்க வேண்டும். ஆனால் வேலை நின்றுவிடுமே என்ற பயத்தில் முதலில் அப்புறப்படுத்தப்படுவது அந்த ஒயர்தான். இரண்டு கோரா மூன்று கோரா, ஒட்டு எங்கே இருந்தது, ஆர்.சி.சி.பி. இருந்ததா, இருந்தும் தாண்டி இணைக்கப்பட்டிருந்ததா என்பதெல்லாம் அதோடு போய்விடுகின்றன. மீந்த கோப்பில் எதிர்பாராமல் மின்சாரம் பாய்ந்தது என்ற ஒற்றை வரி நிற்கிறது; இழப்பீடு கேட்டு ஒடிசாவின் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வரும் குடும்பம், பொறுப்பு யாருடையது என்பதைக் காட்ட அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டுதான் வழக்காட வேண்டியிருக்கிறது.